12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பழுதுபார்ப்பு: முழுமையான வழிகாட்டி

சிசிடிவி கேமராவுக்கும் எல்இடி பட்டைக்கும் போடும் 12 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸை (230 வோல்ட் ஏசியை 12 வோல்ட் டிசியாக்கும் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 400 வோல்ட் மெயின் கெப்பாசிட்டர் ஒன்று, கரண்ட்டை வேகமாக வெட்டி வெட்டி விடும் மாஸ்ஃபெட் ஒன்று, அதை ஆட்டுவிக்கும் யூசி3842 வகை எட்டுக்கால் ஐசி, வெளியீட்டுப் பக்கம் வோல்டேஜைக் கண்காணிக்கும் டிஎல்431, நடுவில் அதன் தகவலை ஒளி வழியாக ஐசிக்குக் கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர் என்று அமைந்த ஃப்ளைபேக் வகை போர்டு இது. பிரிண்டர், செட்டாப் பாக்ஸ், மானிட்டர் போர்டுகள் பலவற்றிலும் இதே அமைப்புதான். உதிரி எண்கள் மாறும். சோதிக்கும் வரிசை மாறாது.

புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இந்த வரிசையில்தான். ஃபியூஸ் போயிருக்கிறது, மாஸ்ஃபெட் ஷார்ட் என்று கண்டதும் இரண்டையும் மாற்றி நேராக 230 வோல்ட்டில் செருகிவிடுகிறார்கள். புது மாஸ்ஃபெட் கண்ணிமைக்கும் நேரத்தில் வெடிக்கிறது, ஐசியையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. வெடித்த பாகம் பெரும்பாலும் விளைவுதான். வெடிக்க வைத்தது போர்டில் வேறெங்கோ இருக்கும். அதனால் முதலில் கரண்ட் இல்லாமல் அளக்க முடிந்ததை எல்லாம் அளக்க வேண்டும். அடுத்து 230 வோல்ட் இல்லாமலே ஐசியை இயக்கிப் பார்க்க வேண்டும். பிறகு சீரியஸ் பல்பு. நேரடி இணைப்பு கடைசியில்தான்.

1. மேசையில் இருக்க வேண்டியவை

டயோடு மோடு உள்ள மல்டிமீட்டர், 40 முதல் 60 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், ஃப்ளக்ஸ், பூதக்கண்ணாடி ஆகியவை எல்லோரிடமும் இருக்கும். பலரிடம் இல்லாதவை நான்கு.

முதலாவது சீரியஸ் பல்பு போர்டு. ஒரு ஹோல்டரில் 60 அல்லது 100 வாட் இழை பல்பு, அதன் வழியாகப் போகும் ஃபேஸ், ஒரு சாக்கெட், அவ்வளவுதான். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை சூடாகும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறி கரண்ட்டைக் கட்டுப்படுத்துவதுதான் இங்கே பாதுகாப்பு. எல்இடி பல்பில் அந்தக் குணம் கிடையாது.

இரண்டாவது, கெப்பாசிட்டரைக் காலி செய்ய 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர். இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள வயரும் கிளிப்பும் போட்டு வையுங்கள். மூன்றாவது, கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய 0 முதல் 30 வோல்ட் பெஞ்ச் சப்ளை; இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. நான்காவது லோடு: 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு இரண்டு, கார் ஹெட்லைட்டில் போடும் 55 வாட் ஹாலஜன் ஒன்று.

கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டர் இருந்தால் நேரம் மிச்சம். இல்லாவிட்டால் சந்தேகப்படும் கெப்பாசிட்டரைப் புதிதாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

2. மெயின் கெப்பாசிட்டரைக் காலி செய்தல்

230 வோல்ட் ஏசியை நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜ் டிசியாகத் திருத்திக் கொடுத்ததும் மெயின் கெப்பாசிட்டரில் நிற்பது ஏறத்தாழ 325 வோல்ட் டிசி. நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸில், பிளக்கைப் பிடுங்கியதும் லோடு அதைக் குடித்துவிடும். பழுதானதில் குடிக்க ஆள் இல்லை. ஐசியை முதலில் எழுப்பும் ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர் ஓப்பன் ஆன போர்டில் அந்த 325 வோல்ட் நெடுநேரம் அப்படியே நிற்கும். அதாவது, செத்துப்போனதாகத் தெரியும் போர்டுதான் ஓடும் போர்டைவிட ஆபத்தானது.

பிளக்கைப் பிடுங்கி, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கெப்பாசிட்டரின் இரு காலிலும் சில நொடிகள் வையுங்கள். 100 மைக்ரோஃபாரட் என்றால் ஒன்றரை நொடிக்குள் காலியாகிவிடும். ஐந்து நொடி வைப்பது நல்ல பழக்கம். பிறகு மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 5 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யக் கூடாது: பொறி பறக்கும், டிராக் (போர்டின் செம்புத் தடம்) உரியும், கெப்பாசிட்டரின் உள்ளிணைப்பும் கெடும். மேலும், காலியானதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு முறை கரண்ட் கொடுத்து நிறுத்திய பிறகும் இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

3. கண்ணும் மூக்கும்

மீட்டரை எடுப்பதற்கு முன் போர்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தலை உப்பிய கெப்பாசிட்டர், வெடித்த ஐசி, கறுத்த ரெசிஸ்டர் எல்லாம் உடனே தெரியும். தெரியாமல் ஒளிந்திருப்பவை மூன்று.

ஒன்று, டிரை சால்டர். டிரான்ஸ்ஃபார்மர் கால்கள், மாஸ்ஃபெட் கால்கள், டெர்மினல் பிளாக் ஆகிய இடங்களில் ஈயத்தைச் சுற்றி முடிபோல வட்டக் கீறல் இருக்கும். சூடும் எடையும் சேர்ந்த இடங்கள் என்பதால் அங்கேதான் விடும்.

இரண்டு, கெப்பாசிட்டரைப் பிடித்து நிறுத்தப் போட்ட பசை. நாளாகிச் சூட்டில் பழுப்பாகிப்போன பசை சில நேரம் கரண்ட் கடத்தும், பாகங்களின் கால்களையும் அரிக்கும். பழுப்பாகக் கண்டால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

மூன்று, பூச்சிகள். வெளிச்சுவரில் மாட்டிய பெட்டிக்குள் சூடு தேடிப் பல்லியும் எறும்பும் நுழையும். பிரிட்ஜின் கால்களுக்கு நடுவே காய்ந்த பல்லி கிடந்தால் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கலாம். ஆனாலும் மற்ற அளவுகளை விட்டுவிடக் கூடாது, அந்த ஷார்ட் வேறு எதையும் கொண்டுபோயிருக்கலாம்.

போர்டு கருகியிருந்தால், நல்ல ஃபைபர் தெரியும்வரை கரியைச் சுரண்டுங்கள். கரி கரண்ட் கடத்தும். அதன்மேல் புதுப் பாகத்தைப் போட்டால் அதே இடத்தில் மறுபடி எரியும்.

4. ஃபியூஸைப் படித்தல், பிரைமரி பக்கத்தை அளத்தல்

கண்ணாடி ஃபியூஸ் உள்ளே கறுத்தோ வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால் பிரைமரியில் (230 வோல்ட் பக்கத்தில்) முழு ஷார்ட். கம்பி நடுவில் சாதுவாக அறுந்திருந்தால் ஓவர்லோடோ வயதோ காரணமாக இருக்கலாம். ஃபியூஸ் நன்றாக இருந்தால் பிரிட்ஜும் மாஸ்ஃபெட்டும் பெரும்பாலும் நல்லவை. இந்தப் பகுதியை வேகமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

ஃபியூஸுக்கு அடுத்திருக்கும் எம்ஓவி (அதிக வோல்டேஜ் வந்தால் தான் வாங்கிக்கொள்ளும் பாகம்) 471 என்று குறித்த நீல வட்டு. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் வரலாம். அப்போது முதலில் வெடிப்பது இதுதான். இது வெடித்திருந்தால் மெயின் கெப்பாசிட்டரையும் சந்தேகப்படுங்கள், 400 வோல்ட் தாங்கும் பாகம் 500 வோல்ட்டுக்கு மேல் வாங்கியிருக்கும். எம்ஓவி இல்லாமலும் போர்டு ஓடும் என்பதற்காக அதைப் போடாமல் விடாதீர்கள்.

அடுத்து என்டிசி, அதாவது செருகியதும் பாயும் கரண்ட்டைக் குறைக்கும் தெர்மிஸ்டர். 5டி-9 என்றால் குளிர்ந்த நிலையில் 5 ஓம் அருகே காட்ட வேண்டும். பிரிட்ஜ் ஷார்ட்டான போர்டுகளில் இது பிளந்து ஓப்பனாகியிருப்பது வழக்கம்.

பிரிட்ஜின் நான்கு டயோடுகளையும் டயோடு மோடில் அளக்கவும். ஒரு திசையில் 0.45 முதல் 0.6, மறு திசையில் ஓப்பன் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் போயிருந்தாலும் பிரிட்ஜை முழுசாக மாற்றுங்கள். தனி டயோடுகள் என்றால் நான்கையும் மாற்றுங்கள். ஷார்ட் கரண்ட் மற்றவற்றின் வழியாகவும் போயிருக்கும்.

பிறகு மாஸ்ஃபெட்டின் டிரெயின், சோர்ஸ் கால்களுக்கு இடையே அளக்கவும். இங்கே ஏமாறுவதற்கு ஒரு இடம் உண்டு. போர்டிலேயே அளந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மெயின் கெப்பாசிட்டரும் மீட்டருக்குத் தெரியும். அது சார்ஜ் ஆகும்வரை அளவு மிகக் குறைவாகக் காட்டி, மெல்ல ஏறும். அந்தத் தொடக்க அளவைக் கண்டு ஷார்ட் என்று முடிவு செய்பவர்கள் நிறைய. அளவு பூஜ்யத்திலேயே அசையாமல் நின்றால்தான் ஷார்ட். ஐயம் இருந்தால் கழற்றி, மூன்று கால்களையும் ஒன்றாகத் தொடவைத்து கேட்டில் (மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் செய்யும் காலில்) நிற்கும் சார்ஜை எடுத்துவிட்டு, மீண்டும் அளக்கவும்.

5. வெளியீட்டுப் பக்கத்தை அளத்தல்

வி பிளஸ், வி மைனஸ் டெர்மினல்களில் இருந்து எல்லா வயரையும் கழற்றிவிட்டு டயோடு மோடில் அளக்கவும். சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில் என்றால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகி அளவு ஏற வேண்டும். முனைகளை மாற்றினால் 0.2 அருகே நிற்கும். அது பழுதல்ல: டிரான்ஸ்ஃபார்மர் சுற்று டிசிக்கு வெறும் கம்பி என்பதால், அதன் வழியாக, வெளியீட்டை டிசியாகத் திருத்தும் ஷாட்கி டயோடின் முன்திசை அளவைத்தான் பார்க்கிறீர்கள். இரு திசையிலும் பூஜ்யம் என்றால் ஷாட்கி ஷார்ட், அல்லது வெளியீட்டுக் கெப்பாசிட்டர் ஷார்ட், அல்லது குறுக்கே போட்ட ஜீனர் ஷார்ட். ஷாட்கியைக் கழற்றி அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

எம்பிஆர்20100 போன்ற இரட்டை ஷாட்கிக்கு மாற்றுப் போடும்போது ஆம்பியரை மட்டும் பார்க்கக் கூடாது. மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது இந்த டயோடு தாங்க வேண்டியது 12 வோல்ட் அல்ல, பிரைமரி வோல்டேஜ் சுற்று விகிதத்தில் குறைந்து இதோடு சேரும். கம்ப்யூட்டர் சப்ளையிலிருந்து கழற்றிய 45 வோல்ட் ஷாட்கியைப் போட்டால் முதல் நொடியிலேயே போகும். பழையது 100 வோல்ட் என்றால் புதியதும் 100 அல்லது அதற்கு மேல்.

வெளியீட்டுக் கெப்பாசிட்டர்களை உப்பலை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். தட்டையாக, அழகாக இருந்துகொண்டே உள்ளே காய்ந்திருக்கும். 1000 மைக்ரோஃபாரட் லோ-இஎஸ்ஆர் கெப்பாசிட்டர் 0.1 ஓமுக்குள் காட்ட வேண்டும். அரை ஓமை எட்டியது குப்பைக்குத்தான். பகலில் ஒழுங்காக ஓடி, இரவில் ஐஆர் விளக்கு எரியும்போது மட்டும் கேமரா அணைந்து அணைந்து எழுந்தால், கேமராவைச் சந்தேகிக்கும் முன் இவற்றை அளந்து பாருங்கள்.

6. போனதோடு சேர்த்து மாற்ற வேண்டியவை

மாஸ்ஃபெட் ஷார்ட்டாகும்போது 325 வோல்ட் இரண்டு வழியில் பாய்கிறது. சோர்ஸ் வழியாக, கரண்ட்டை ஐசிக்குக் காட்டும் சென்ஸ் ரெசிஸ்டருக்கு. கேட் வழியாக ஐசிக்கு. ஆகவே மாஸ்ஃபெட் போன போர்டில் ஃபியூஸ், பிரிட்ஜ், என்டிசி, சென்ஸ் ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஐசியை அளக்காமலே மாற்றிவிடலாம். விலை குறைந்த பாகம் அது. அதைக் காப்பாற்றப் போய் புது மாஸ்ஃபெட்டை இழப்பதில் பொருளில்லை.

சென்ஸ் ரெசிஸ்டர் 0.33 ஓம், 2 வாட் என்ற அளவில் இருக்கும். யூசி3842 தன் மூன்றாம் காலில் 1 வோல்ட் வந்ததும் மாஸ்ஃபெட்டை அணைக்கும். ஆக, 0.33 ஓம் என்றால் உச்சக் கரண்ட் 3 ஆம்பியர். கையில் 0.1 ஓம்தான் இருக்கிறது என்று போட்டால் அந்தக் காவல் 10 ஆம்பியருக்குத் தள்ளிப்போகும், அதற்குள் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தம் செறிவடைந்து (சாச்சுரேட் ஆகி) மாஸ்ஃபெட் வெடித்துவிடும். சாதாரண ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரும் வேண்டாம். அதன் சுருளே போலி வோல்டேஜ் முள்களை உண்டாக்கும். இவ்வளவு சிறிய மதிப்பை அளக்கும்போது மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஏன் மாஸ்ஃபெட் போனது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று ஸ்னப்பர்: டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்குக் குறுக்கே ஒரு வேக டயோடு, ஒரு 1 கிலோவோல்ட் கெப்பாசிட்டர், 47 முதல் 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர். இதில் டயோடு ஓப்பன் ஆனாலோ டிரை சால்டர் விட்டாலோ, மாஸ்ஃபெட் அணையும் ஒவ்வொரு முறையும் எழும் வோல்டேஜ் முள் (ஸ்பைக்) மாஸ்ஃபெட் தாங்கும் 600 வோல்ட்டைத் தாண்டும். அந்த டயோடு எஃப்ஆர்107, யூஎஃப்4007 போன்ற வேக வகையாக இருக்க வேண்டும். 1என்4007 உருவத்தில் ஒன்றுபோல இருந்தாலும் அணைய நேரம் எடுக்கும், சூடாகும்.

மற்றொன்று ஐசிக்கு சப்ளை தரும் சிறிய கெப்பாசிட்டர், 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். ஹீட் சிங்க்கை ஒட்டியே நிற்பதால் முதலில் காய்வது இது. காய்ந்தால் கேட்டுக்குப் போகும் பல்ஸ் தளர்ந்து, மாஸ்ஃபெட் முழுசாக ஆன் ஆகாமல் சூடேறும். இதை அளந்துகொண்டிருக்க வேண்டாம், எந்தப் பழுதுக்குத் திறந்தாலும் 105 டிகிரி வகையில் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

மாஸ்ஃபெட் வாங்கும்போது 7என்60, 10என்60 என்று எண்ணை மட்டும் சொல்லி வாங்காமல், நம்பகமான கடையில் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவிலும் அசலும் போலியும் கலந்தே விற்கும். எழுத்தை அழித்து மறுபடி அச்சிட்ட மாஸ்ஃபெட் மீட்டரில் நல்லதாகவே காட்டும், லோடில்தான் குட்டு வெளிப்படும். கெப்பாசிட்டரிலும் பெரிய டப்பாவுக்குள் சிறியதை வைத்து விற்பது உண்டு. எடை சந்தேகப்படும்படி இருந்தால் வாங்க வேண்டாம்.

7. 230 வோல்ட் இல்லாமல் ஐசியை ஓட்டிப் பார்த்தல்

இந்த ஒரு சோதனையைச் செய்தால் பாதி மாஸ்ஃபெட்கள் பிழைக்கும். பிளக் வெளியே, மெயின் கெப்பாசிட்டர் காலி. பெஞ்ச் சப்ளையை 18 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் லிமிட்டில் வைத்து, பிளஸ்ஸை ஐசியின் ஏழாம் காலிலும் மைனஸை ஐந்தாம் காலிலும் கொடுங்கள்.

12 வோல்ட் போதாதா என்று கேட்பார்கள். யூசி3842, 3844 இரண்டும் 16 வோல்ட் அருகே வந்தால்தான் எழும், 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் படுக்கும். 3843, 3845 ஆகியவை 8.4 வோல்ட்டில் எழுந்து 7.6இல் படுக்கும். 3842க்கு 12 வோல்ட் கொடுத்துவிட்டு ஐசி செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஐசி எழுந்ததும் எட்டாம் காலில் 5 வோல்ட் வர வேண்டும். இது வராவிட்டால் ஐசி போச்சு, அல்லது எட்டாம் காலோடு சேர்ந்த ஏதோ ஷார்ட். நான்காம் காலில் 2 வோல்ட் அருகே காட்டினால் ஆசிலேட்டர் ஓடுகிறது. ஆறாம் காலில் மீட்டர் காட்டுவது பல்ஸின் சராசரி: 3842, 3843 என்றால் கொடுத்த வோல்டேஜை நெருங்கி நிற்கும், 3844, 3845 பாதி நேரமே ஆன் ஆவதால் அதில் பாதிக்குள் நிற்கும். அதே அளவு மாஸ்ஃபெட்டின் கேட் காலிலும் வருகிறதா என்று பாருங்கள். ஆறாம் காலில் இருந்து கேட்டில் இல்லை என்றால் நடுவில் இருக்கும் 10 முதல் 47 ஓம் ரெசிஸ்டர் ஓப்பன்.

8. டிஎல்431, ஆப்டோவைச் சோதித்தல்

வெளியீடு 12 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது இந்த இரண்டும்தான். இவை செத்திருந்தால் வெளியீடு கட்டுப்பாடின்றி ஏறி, 16 வோல்ட் கெப்பாசிட்டர்களை வெடிக்கவைத்து, மாட்டியிருக்கும் கேமராக்களையும் கொண்டுபோகும். அதனால் இதையும் 230 வோல்ட் கொடுப்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும்.

இன்னொரு பெஞ்ச் சப்ளையை வெளியீட்டு டெர்மினலில் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று கொடுத்து, 200 மில்லி ஆம்பியர் லிமிட் வைத்து 10 வோல்ட்டிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஏழாம் காலில் 18 வோல்ட் அப்படியே இருக்கட்டும், மீட்டர் ஆறாம் காலில். வெளியீடு 12 வோல்ட்டைக் கடக்கும் இடத்தில் ஆறாம் கால் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். கீழே இறக்கினால் பல்ஸ் திரும்பி வர வேண்டும். இது நடந்தால் டிஎல்431, ஆப்டோ, ஐசி மூன்றும் ஒரே வீச்சில் தேறிவிட்டன. பெஞ்ச் சப்ளையின் இரண்டு சேனல்களையும் பயன்படுத்தினால் அவற்றின் மைனஸ்கள் உள்ளே இணைக்கப்படாதவையாக இருக்க வேண்டும். இரு பக்கத்தின் கிரவுண்டும் வேறு வேறு.

ஒரு சப்ளைதான் இருக்கிறதா? அதை வெளியீட்டில் கொடுத்து, ஆப்டோவின் நான்காம் காலுக்கும் மூன்றாம் காலுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் அளக்கவும், சிவப்பு முனை நான்கில். 12 வோல்ட்டைக் கடக்கும்போது அளவு சட்டென்று இறங்க வேண்டும்.

இறங்கவில்லை என்றால் டிஎல்431இன் ரெஃபரன்ஸ் காலில் அளக்கவும். வெளியீடு 12இல் இருக்கும்போது அங்கே 2.5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் வோல்டேஜைப் பிரித்துக் கொடுக்கும் ரெசிஸ்டர்களோ வெளியீட்டைத் திருகிச் சரிசெய்யும் பிரீசெட்டோ பழுது. வந்தும் ஆப்டோ எழவில்லை என்றால் டிஎல்431 அல்லது ஆப்டோ. 13.5 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

9. சீரியஸ் பல்பில் முதல் கரண்ட்

புது ஃபியூஸ் போட்டு, லோடு எதுவும் மாட்டாமல், சீரியஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள், கண்ணாடி அணியுங்கள்.

பல்பு ஒருமுறை மின்னி அணைந்தால் நல்லது: மின்னியது கெப்பாசிட்டர் சார்ஜ் ஆனதற்கு. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, உடனே பிடுங்கிவிட்டு நான்காம் பகுதிக்குத் திரும்புங்கள். மின்னவே இல்லை என்றால் ஃபியூஸ், என்டிசி, டிராக் ஏதோ ஓப்பன். விட்டு விட்டு ஒளிர்ந்தால் போர்டு எழ முயன்று படுக்கிறது. பதினோராம் பகுதியைப் பாருங்கள்.

10. 325 வோல்ட் இருந்தும் வெளியீடு இல்லை என்றால்

இதை ஓடும் போர்டில்தான் அளக்க முடியும் என்பதால் ஒழுங்கு முக்கியம். கரண்ட் இல்லாதபோது மீட்டரின் கறுப்பு முனையை மெயின் கெப்பாசிட்டரின் மைனஸில் கிளிப் போட்டு மாட்டுங்கள். பிறகு கரண்ட் கொடுத்து, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் பிடித்து அளக்கவும், மறு கை மேசையில் படாமல் இருக்கட்டும். வெளியீட்டு மைனஸை வைத்து பிரைமரியை அளந்தால் வரும் எண்கள் அர்த்தமற்றவை. ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிரைமரியில் மாட்டவே கூடாது. அந்தக் கிளிப் எர்த்தோடு இணைந்தது, மாட்டிய நொடியில் பிரிட்ஜ் வழியாக முழு ஷார்ட்.

ஏழாம் காலில் பூஜ்யம் என்றால் ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர் ஓப்பன். 325 வோல்ட்டிலிருந்து ஐசிக்கு 1 மில்லி ஆம்பியர் அருகே கொடுத்து எழுப்பும் ரெசிஸ்டர் இது. பெரும்பாலும் இரண்டு தொடராக, மொத்தம் 300 கிலோ ஓம் அளவில் இருக்கும். இரண்டுக்குப் பதில் ஒன்று போட்டு வேலையை முடிக்காதீர்கள். கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று தாங்குவது பொதுவாக 250 வோல்ட், இங்கே வருவது 325. இரண்டாகப் பிரித்து வைத்ததன் காரணமே அதுதான்.

ஏழாம் காலில் 3, 4 வோல்ட்டில் தொங்கி நின்றால் ரெசிஸ்டரின் மதிப்பு ஏறியிருக்கிறது, அல்லது அங்கிருக்கும் கெப்பாசிட்டரோ ஐசியோ கரண்ட்டைக் கசியவிடுகிறது. 10க்கும் 16க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஐசி எழுகிறது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்றிலிருந்து வர வேண்டிய சப்ளை வரவில்லை. அந்தச் சுற்றின் டயோடையும் அதோடு தொடராக நிற்கும் சிறு ரெசிஸ்டரையும் பாருங்கள்.

11. டிக்... டிக்... என்று எழுந்து படுத்தால்

போர்டின் பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதன் அடையாளம் இது. மூன்று காரணங்களில் ஒன்று. வெளியீட்டில் ஷார்ட் அல்லது ஓவர்லோடு. ஐசியின் சப்ளைக் கெப்பாசிட்டர் காய்ந்துபோனது. சீரியஸ் பல்பே வோல்டேஜை விழவைப்பது.

மூன்றாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். லோடு மாட்டியபடி பல்பு வழியாகக் கொடுத்தால் நல்ல போர்டும் டிக் டிக் என்று அடிக்கும். லோடைக் கழற்றியதும் நின்றால் போர்டில் குறையில்லை. கழற்றியும் நிற்காவிட்டால் ஷாட்கியை மறுபடி அளக்கவும். சில ஷாட்கிகள் மீட்டரின் சிறு வோல்டேஜில் நல்லதாகக் காட்டி, உண்மையான வோல்டேஜில் கசியும். மாற்றிப் பார்ப்பதுதான் தீர்வு.

எல்லாம் மாற்றியும் டிக் டிக் தொடர்ந்தால் கடைசி சந்தேகம் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்குள் ஷார்ட். அரிதாகத்தான் நடக்கும். அப்படி நடந்தால் இந்த அளவு எஸ்எம்பிஎஸ்ஸில் மேற்கொண்டு செலவு செய்வது வீண்; பாகங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு புதியது வாங்கச் சொல்லிவிடுங்கள்.

12. லோடு சோதனை

லோடு இல்லாமல் 12 வோல்ட் வந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. பல்பை நீக்கி நேரடி இணைப்புக் கொடுத்து, முதலில் ஒரு 21 வாட் பல்பு, அதாவது 1.75 ஆம்பியர். பிறகு இன்னொன்று. எடுத்தவுடன் 55 வாட் ஹாலஜனைப் போட வேண்டாம். குளிர்ந்த இழையின் ரெசிஸ்டன்ஸ் எரியும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அது இழுக்கும் கரண்ட்டில் 5 ஆம்பியர் போர்டு நியாயமாகவே படுத்துவிடும்.

டெர்மினலில் வோல்டேஜ் லோடோடும் இல்லாமலும் 0.2 வோல்ட்டுக்குள் மாற வேண்டும். அதற்கு மேல் விழுந்தால் வெளியீட்டுக் கெப்பாசிட்டர்களை மறுபடி பாருங்கள். டெர்மினலில் சரியாக இருந்து கேமரா முனையில் மட்டும் விழுந்தால் குற்றவாளி மெல்லிய கேபிள். மெயின் கெப்பாசிட்டரிலும் லோடோடு ஒருமுறை அளக்கவும்: 300க்கு மேல் நிற்க வேண்டும், 250 என்று இறங்கினால் அது காய்ந்துவிட்டது. அனலாக் கேமராப் படத்தில் பட்டைகள் மெல்ல நகர்வதற்கு இதுவும் காரணம்.

ஒரு மணி நேரம் ஓடட்டும். நிறுத்தி, காலி செய்து, பிறகு மாஸ்ஃபெட்டையும் ஷாட்கியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கும், விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் ஹீட் சிங்க் பேஸ்ட், ஸ்னப்பர், மாஸ்ஃபெட்டின் தரம் மூன்றையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

13. மூடுவதற்கு முன்

மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு டிரெயினோடு இணைந்தது, ஹீட் சிங்க் பல யூனிட்டுகளில் வெளிப்பெட்டியோடு சேர்ந்தது. நடுவில் இருக்கும் மைக்கா அல்லது சிலிக்கான் தாளும், ஸ்க்ரூவின் பிளாஸ்டிக் வாஷரும் திரும்ப இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தகட்டுக்கும் பெட்டிக்கும் இடையே மீட்டரின் மெகா ஓம் அளவிலும் ஓப்பன் காட்ட வேண்டும்.

பிரைமரியையும் செகண்டரியையும் இணைக்கும் நீல நிற ஒய் கெப்பாசிட்டர் மாற்ற வேண்டி வந்தால், ஒய்1 என்று அச்சிட்டதையே போடுங்கள். அதே மதிப்புள்ள சாதாரண 1 கிலோவோல்ட் செராமிக் ஷார்ட்டானால் 12 வோல்ட் வயரில் நேராக மெயின்ஸ் வரும்; கேமராவைத் தொடுபவரின் உயிர் அதில் இருக்கிறது.

ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு முனை, வெளியீட்டின் இரண்டையும் சேர்த்து மறு முனை என்று 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவியில்) பார்த்தால் 100 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். மெகர் இருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

110, 220 தேர்வு ஸ்விட்ச் உள்ள யூனிட்டாக இருந்தால் அது 220 பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகவும். 110 பக்கம் தள்ளியிருந்தால் உள்ளே வோல்டேஜ் இரட்டிப்பாகி இரண்டு மெயின் கெப்பாசிட்டர்களும் வெடிக்கும். எர்த் வயரை டெர்மினலில் இறுக்கி, பெட்டிக்கும் எர்த் பின்னுக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று அளந்துவிட்டு மூடியைப் பூட்டுங்கள்.